அரைத்துப் பார்த்த சுண்ணாம்பு

ஒரு சொட்டு விட்டுக் கலக்குகிறார். டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்க்கிறார். இன்னொரு சொட்டு. மறுபடி கலக்கல், மறுபடி வெளிச்சம். பால் விடாத டீயில் எலுமிச்சம்பழம் பிழிய ஒரு மனுஷி இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கறுப்பு டீ மெல்ல வெளுத்து, அவர் மனதில் வைத்திருக்கும் ஏதோ ஒரு நிறத்துக்கு வந்ததும், "இப்பக் குடிங்க, சரியா இருக்கும்" என்று நீட்டுகிறார். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. புளிப்பு என்னவோ சரியாகத்தான் இருந்தது.

அரசு வேளாண் ஆய்வகத்தில் இவருக்கு ஆசிட் அக்கா என்று பெயர். வயதில் மூத்த மேலதிகாரிகூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். வயலில் போடுவதற்காக மூட்டை மூட்டையாக விற்கிறார்களே சுண்ணாம்புத் தூள், அது தேறுமா தேறாதா என்று சோதித்துச் சொல்வது இவர் வேலை. இளம் வயதில் சேர்ந்தவர். இப்போது முன்தலை நரைத்துவிட்டது. வெள்ளைத் தூளோடு வேலை செய்கிறவருக்கு நரை எது, தூள் எது என்று வீட்டுக்குப் போய்க் குளித்தால்தான் தெரியும் என்று அங்கே கேலி செய்கிறார்கள். அவரும் சிரித்துக்கொள்கிறார்.

வேளாண் சுண்ணாம்பைச் சோதிக்கும் விதிகளைத் திருத்துகிறார்கள், அதைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோது எங்கள் பத்திரிகை ஆசிரியர் கொட்டாவி விட்டார். விதியைப் பற்றி யார் படிப்பார்கள், மனுஷரைப் பற்றி எழுதுங்கள் என்றார். அப்படித்தான் இந்த அக்காவிடம் வந்து சேர்ந்தேன்.

மண்ணுக்கு எதற்குச் சுண்ணாம்பு என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மழையும் உரமும் சேந்து சில மண்ணு புளிச்சுப் போயிடும். புளிச்ச மண்ணுல பயிருக்கு வாய் கட்டிப் போயிடும். சத்து முன்னாடியே இருக்கும், எடுத்துச் சாப்பிட முடியாது. சுண்ணாம்பு போட்டா அந்தப் புளிப்பு முறியும். அவ்வளவுதாங்க." இவ்வளவையும் கைகழுவிக்கொண்டே சொன்னார். எந்நேரமும் கைகழுவிக்கொண்டேதான் இருக்கிறார். விரல் நுனிகள் வெடித்துக் கிடக்கின்றன. இரண்டு கைகளிலும் மோதிரம் இல்லை, வளையல் இல்லை.

சோதனையை எனக்குச் செய்து காட்டினார். வந்த தூளில் கொஞ்சம் எடுத்து அரைக்கும் மெஷினில் போட்டு, மாவாக அரைத்து, அளவாக நிறுத்து, அளந்த ஆசிட்டில் கொதிக்கவிட்டு, மிச்சமிருக்கும் ஆசிட்டை, அதற்கு எதிரான காரக் கரைசலை விட்டுச் சொட்டுச் சொட்டாக முறிக்க வேண்டும். கடைசிச் சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பு பரவி நின்றுவிட்டால் கணக்கு முடிந்தது. அந்தச் சொட்டுக்கு முந்தின சொட்டில் அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். பக்கத்தில் யாராவது தும்மினால் அன்றைக்குத் தொலைந்தார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறை டப்பாக்களில் பொருளின் பெயரோடு வாங்கிய தேதியும் ஒட்டியிருக்கிறது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் அரைச்சுப் பாத்துதான் பாஸ் போட்டிருப்பா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அரைப்பதைப் பற்றி அந்த வீட்டில் இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. அவர் மறந்துவிட்டார்.

இவருக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். விவசாயி. ஐம்பதைத் தாண்டிய தங்கையை இன்னும் பாப்பா என்றே கூப்பிடுகிறார். அப்பா விட்டுப்போன நிலத்தை அவர் பார்த்துக்கொள்ள, தங்கை படித்து வேலைக்கு வந்தார். அண்ணன் மக்காச்சோளம் போடுவார். சில வருஷங்களாகக் கதிர் பிடிக்கவில்லை. மண்ணைச் சோதித்ததில் நன்றாகப் புளித்திருந்தது. சுண்ணாம்பு போடச் சொன்னார்கள். கடையில் இரண்டு மூன்று ரகம் இருந்தும், ஆய்வக முத்திரை போட்ட மூட்டையாகப் பார்த்து வாங்கிக் கொட்டினார். "என் தங்கச்சி பாத்து விட்ட சரக்கு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்ளவும் செய்தார். அவரை நம்பி அவர்களும் அதையே வாங்கினார்கள்.

பயிர் தேறவில்லை. அடுத்த பருவமும் போட்டார், தேறவில்லை. ஒருநாள் அண்ணன், பிடுங்கிய செடி ஒன்றையும் மிச்சச் சுண்ணாம்பு கொஞ்சத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். செடியின் வேர் கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இறங்கவில்லை. "இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு பாப்பா" என்றார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அரைத்தார், நிறுத்தார், கொதிக்கவிட்டார், சொட்டு விட்டார். இளஞ்சிவப்பு அழகாக வந்து நின்றது. "சரக்கு முதல் தரம் அண்ணே. மழை சரியில்லாம இருந்திருக்கும். இன்னொரு தடவ போட்டுப் பாரு" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன் இன்னொரு தடவையும் போட்டார்.

இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இல்லாத தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அரைக்கும் மெஷின் பழுதாகிப் போன வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டிருக்கிறது. கை சும்மா இராமல், மண் பிரிவிலிருந்து சல்லடை ஒன்றை வாங்கி வந்து, வந்த சுண்ணாம்பை வந்தபடியே சலித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் கீழே இறங்கவில்லை. மிளகு மிளகாகக் கல். அலமாரியிலிருந்து அண்ணன் கொடுத்த மிச்சத்தை எடுத்துச் சலித்தார். அதுவும் அப்படியே. அன்றைக்கு மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாராம்.

எனக்குப் புரிய வைக்க அவருக்கு ஒரே வரிதான் தேவைப்பட்டது. "மெஷின் அரைச்சத மண்ணு அரைக்குமாங்க?"

விஷயம் இதுதான். மாதிரியை நன்றாக அரைத்துக் கலந்த பிறகே சோதிக்க வேண்டும் என்பது பழைய விதி. விதி எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. ஒரு மூட்டையில் எங்கிருந்து எடுத்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அரைத்துவிட்டால் கல்லும் மாவும் ஒன்றாகிவிடும். இரண்டும் ஆசிட்டை ஒரே அளவு முறிக்கும். ஆனால் வயலில் விழுவது அரைக்காத சரக்கு. மாவாக விழுந்தால் ஒரு பருவத்துக்குள் புளிப்பை முறிக்கும். கல்லாக விழுந்தால் கரைய வருஷக்கணக்காகும். ஆய்வகம் சொன்னது பொய்யில்லை. மூட்டையில் இல்லாத ஒரு சரக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அக்கா எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி நல்ல மனிதர், அதை மேலே அனுப்பிவிட்டு விடாமல் விரட்டினார். விதிகளைத் திருத்தக் கூட்டம் போட்டார்கள். விவசாயிகள் பக்கம் சிலர், சுண்ணாம்பு ஆலைக்காரர்கள், துறை அதிகாரிகள், ஓர் ஓரத்தில் அக்கா. மண்ணியல் படித்த ஓர் அம்மா அவரிடம் ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார்: "மாதிரி வரும்போது கல்லு கல்லா இருக்கிறத யாருமே கவனிக்கலையாம்மா?"

"கவனிச்சேங்க" என்றிருக்கிறார் அக்கா. "எடுக்கும்போதே விரல்ல உறுத்தும். உறுத்துச்சேன்னுதான் மெஷின்ல இன்னும் கொஞ்ச நேரம் கூடப் போட்டு அரைப்பேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவர்கூட அதை எழுதிக்கொள்ளவில்லையாம். "நாலு வார்த்த திட்டியிருந்தா ஆறியிருக்கும்" என்றார் என்னிடம். உங்கள் மேல் தப்பில்லை அக்கா என்றேன். எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அவருக்குக் காது புளித்திருக்க வேண்டும். எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

விதி மாறிவிட்டது. இனி முதலில் வந்தபடியே சலிக்க வேண்டும், எவ்வளவு மாவு, எவ்வளவு கல் என்று மூட்டை மேல் அச்சடிக்க வேண்டும், அப்புறம்தான் அரைப்பதெல்லாம். ஆலைக்காரர்கள் கெஞ்சியதில், முத்திரை விழுந்த பழைய மூட்டைகளைத் தீரும்வரை விற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கிறது. அந்த வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அக்காவின் குரல் ஏறுகிறது. "எம் முத்திரைங்க அது. நானே போய் கடை வாசல்ல நின்னு வாங்காதீங்கன்னு சொல்லவா?"

ஆனால் அவருக்கு அதைவிட அவசரம் ஒன்று இருந்தது. நிலத்தை விற்றுவிடப் போவதாக அண்ணன் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாவுச் சுண்ணாம்பு தயாரிக்கும் ஆலை ஒன்றை அக்கா தேடிப் பிடித்திருந்தார். புது விதிப்படி தானே சலித்துப் பார்த்ததில் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. அதைப் போட்டால் ஒரே பருவத்தில் மண் திரும்பிவிடும். ஒரு பருவம் மட்டும் பொறு என்று அண்ணன் காலில் விழுந்தாவது கேட்பது என்று கிளம்பினார். வருகிறீர்களா என்று என்னையும் கேட்டார். போனேன். பஸ்ஸில் வழி முழுக்க, எப்படிச் சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய்ப்பாட்டைக் குழந்தை ஒப்பிப்பது போல உதடு மட்டும் அசைந்தது.

அண்ணன் வயலில்தான் இருந்தார். தலையில் துணி கட்டிய ஒல்லியான மனிதர். கதிர் அறுத்த மக்காச்சோளத் தட்டைகள் குட்டை குட்டையாக நின்றன. முந்தின நாள் மழையில் மண் கழுவி விட்டாற்போலிருந்தது. அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சல்லடை, புது விதி, நல்ல சரக்கு, ஒரே ஒரு பருவம். அண்ணன் கடைசி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டார்.

"போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டேன் பாப்பா."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கு?"

"நிலத்துக்குத்தான். கிடங்கு கட்டப் போறாங்களாம்." பிறகு சிரிக்க முயன்றார். "நல்லதாப் போச்சு போ. கிடங்கு கட்டறவனுக்கு மண்ணு புளிச்சா என்ன, இனிச்சா என்ன?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே அண்ணே."

"சொன்னா அழுவ. அதான் சொல்லல."

"நான்தானே உன்ன இன்னொரு தடவ போடச் சொன்னேன்…"

"நீ பாத்துத்தானே சொன்ன. பாக்காம சொன்னியா?" என்றார் அண்ணன். அதில் குத்தல் இல்லை. மனதார அப்படித்தான் நினைக்கிறார். அவர் கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது; அந்த இடத்தில் கோபம் எவ்வளவோ மேல்.

அக்கா அழவில்லை. தலை குனிந்து நின்றார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். மழை கழுவிய மண்ணில், செடி வரிசை நின்ற பார் நெடுக, வெள்ளை வெள்ளையாகக் கல் கிடந்தது. போட்ட சுண்ணாம்பு. மூன்று தடவை போட்டது, போட்டபடியே கிடந்தது.

கைப்பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார். ஒரு கல்லைப் பொறுக்கினார். பக்கத்தில் கிடந்த இன்னொன்றை. மண்கட்டியை உடைத்து உள்ளேயிருந்து ஒன்றை. பொறுக்கியதையெல்லாம் இடது உள்ளங்கையில் போட்டு மூடிக்கொண்டார்.

"என்ன பண்ற பாப்பா? எந்திரி" என்றார் அண்ணன். "எவ்வளவுதான் பொறுக்குவ? காடு முழுக்கக் கிடக்கு."

"இரு அண்ணே."

"கட்டடம் வரப் போற இடம்மா இது."

"இரு. இந்த ஒரு பாரு மட்டும்."

உட்கார்ந்தபடியே நகர்ந்தார். உள்ளங்கை நிறைந்து, விரலிடுக்கில் வழிந்து, பொறுக்கியதே மறுபடி மண்ணில் விழத் தொடங்கியது. விழுந்ததையும் பொறுக்கினார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு உதறு உதறி, தங்கையின் கைக்கு எட்டுகிற மாதிரி மண்ணில் விரித்து வைத்தார்.