கால்வாய்க் கரையில் ஒரு பின்னல்

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. ராட்டர்டாமுக்கு வந்த புதிதில், வேலை முடிந்து நடந்து வரும்போது எனக்கு அதுதான் பெரிய சங்கடம். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள், உள்ளே விளக்கு. ஒருவர் உருளைக்கிழங்கு மசிக்கிறார், ஒருவர் நாய்க்குத் தலை சீவுகிறார், ஒரு பெரியவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறார். எல்லாம் நடைபாதையிலிருந்து இரண்டு முழ தூரத்தில். திருத்தணியில் ஒரு வீட்டு ஜன்னலை இப்படி இரண்டு நொடி பார்த்தால் "இன்னா சார், யாரு வோணும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்துவிடும். இங்கே பார்ப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். என் மனைவி சுலோச்சனா வந்த அன்றே தன்னுடைய பழைய நூல் புடவைகள் இரண்டை எடுத்து முன்ஜன்னலில் கட்டிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு, கீழ்வீட்டு நெல்லி அம்மாள் எங்கள் வீட்டில் யாரோ நோயாளி இருக்கிறார் என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தாராம். அவர் நினைத்ததை முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது.

நெல்லி ஓய்வு பெற்ற தபால்காரி. நாற்பது வருஷம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிய பழக்கம் போகவில்லை, எங்கள் கதவையும் தட்டிக்கொண்டே இருப்பார். சென்ற கோடையில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய கால்வாய்க் கரையில் சிற்பக் கண்காட்சி வைத்தார்கள். அதில் அவர் தொண்டர், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைக் கூப்பிட்டார். 'கிராட்டிஸ்' என்று மூன்று முறை சொன்னார், இலவசம் என்று அர்த்தம். இலவசம் என்றால் வரிசையில் நின்று முழங்கையால் இடித்துப் பழகியவன் நான். இங்கே வரிசையும் இல்லை, வாயிலும் இல்லை, காவல்காரரும் இல்லை. மரங்களுக்கு நடுவே, புல்லில், படகுத்துறையில் என்று சிற்பங்கள் அனாதையாக நின்றன. நம் ஊரில் சிலை என்றால் ஒன்று கும்பிட வேண்டும், இல்லை மாலை போட வேண்டும். மாலை போட்ட தலைவருக்கும் யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயந்து கம்பிக்கூண்டு கட்டி வைத்திருப்போம். இந்த ஊர்ச் சிலைகளின் மேல் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன.

சுலோச்சனா துருப்பிடித்த ஒரு இரும்பு உருண்டையின் முன்னால் நின்றாள்.

"இன்னா பாவா இது?"

"ஞாயித்துக்கெழமன்னு பேரு போட்டிருக்கு."

"நாயித்துக்கெழம இப்டியா இருக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள்.

அவள் என் மாமன் மகள். நகரிப் பக்கத்துத் தெலுங்கு வீடு. சின்ன வயதிலிருந்தே என்னைப் பாவா என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம். நெல்லியை மனதார வாழ்த்தினேன்.

கடைசியாகக் காட்ட நெல்லி ஒன்றை வைத்திருந்தார். "இது உங்களுக்காக" என்று சொல்லி வேகமாக முன்னால் நடந்தார். இரண்டு ஆள் உயரத்தில் ஒரு இரும்பு வளைவு. அதிலிருந்து பனைமரம் பருமனில் ஒரு கரிய பின்னல் தொங்கியது. தூரத்திலிருந்து பார்க்கும்போது துறைமுகத்தில் கப்பலைக் கட்டிப்போடும் தார்க்கயிறு என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் தெரிந்தது. முடி. பெண்களின் முடி. நுனி பிரிந்து புல்லின் மேல் பாயாகப் பரவிக் கிடந்தது. பக்கத்தில் நட்டிருந்த பலகையில் இருந்ததை நெல்லி சத்தமாகப் படித்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தென்னிந்தியக் கோயில்களில் பெண்கள் காணிக்கையாகக் கொடுத்த முடி. "உங்கள் நாட்டுப் பெண்கள்! சும்மாவே கொடுக்கிறார்கள்! எவ்வளவு அழகு! இதைத் தொட்டுப் பார்க்கலாம், அனுமதி உண்டு" என்றார். நான் திரும்பினேன். சுலோச்சனா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புல்லில் வெறுங்காலோடு நடக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, நெல்லியும் தன் செருப்பைக் கழற்றினார்.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். தணிகைவேல், கூப்பிடுவது தணிகா. பெயரே மலைக்காக வைத்ததுதான். நாலு வயதில் அவனுக்கு ரத்தத்தில் நோய் என்று சொல்லிச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற ஏற அவன் முடியெல்லாம் தலையணையில் கொட்டிப்போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அம்மாவை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் ரயிலேறித் திருத்தணிக்கு வந்தோம். சுலோச்சனா மொட்டை போட்டுக்கொள்ள வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. படி ஏறும்போது நான் சொன்னேன், பொம்பளைக்கு மூணு விரல் அளவு பூமுடி கொடுத்தால் போதும், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள் என்று. அவள் நிற்கக்கூட இல்லை. "கொறச்சிக் குடுத்தா அவரும் கொறச்சிதான் குடுப்பாரு, பாவா" என்றாள்.

அவள் முடியை நனைத்து, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார்கள். எதற்கு முடிச்சு என்று அவள் கேட்டாள். "செதறாம இருக்கத்தான்மா, சாமிக்குப் போறதாச்சே" என்றார் மழிப்பவர். முடிச்சு எதற்கு என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அரக்கோணம் போகும் வழியில் ஒரு முடிக் கிடங்கில் இரண்டு வருஷம் மெஷின் வேலை பார்த்திருக்கிறேன். ஏலத்தில் எடுத்த முடி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிக்கெடுத்து, நீளம் பார்த்துக் கட்டுவார்கள். ஆண்கள் முடி, பிள்ளைகள் முடி ஒரு பக்கம், தராசில் தனியாக ஏறுகிற நீள முடி ஒரு பக்கம். முடிச்சுப் போட்டு வந்தால் வேரும் நுனியும் கலக்காது, அதற்குத்தான் மதிப்பு. நீளமானதெல்லாம் கப்பலேறும். அன்றைக்கு மலையில், என் மனைவியின் முதல் முடிச்சு வாளியில் விழுந்தபோது என் மனம் தானாகச் சொன்னது: இது முதல் ரகம். பிள்ளை அங்கே கிடக்கும்போது அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளாத நாளில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சந்தனம் பூசிய தலையோடு வார்டுக்குள் நுழைந்தாள். தணிகா அவளை முறைத்துப் பார்த்தான். பிறகு என்னிடம், "நைனா, அம்மாவுக்கும் ஊசி போட்டாங்களா?" என்று கேட்டான். அவள் குனிந்தாள். அவன் தன் சின்னக் கையால் அந்தத் தலையை வழித்து வழித்துப் பார்த்தான். அதற்கப்புறம் பதினோரு வாரம் இருந்தான். சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. நந்தி ஆற்றங்கரையில் புதைத்தோம். சுலோச்சனா அதன்பிறகு மலை ஏறவில்லை. முடி வளர வளரச் சமையலறைக் கத்தரியால் கழுத்தோடு அவளே வெட்டிக்கொண்டாள். சாமி படங்களை என் அம்மா வீட்டில் கொடுத்துவிட்டாள். கம்பெனி என்னை இங்கே அனுப்புகிறேன் என்றபோது, "எங்கியாச்சும் போலாம்" என்று மட்டும் சொன்னாள். முருகன் என்ற சொல் ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இப்போது அவள் புல்லில் உட்கார்ந்து அந்த நுனியைக் கையில் அள்ளி, விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். பேன் பார்ப்பவள் போல ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள்.

"நம்ம மலையில குடுத்ததா இது?"

"எந்தக் கோயில்னு போடல."

"எப்ப வாங்கினாங்கன்னு அந்தம்மாவக் கேளு."

கேட்டேன். நெல்லிக்குத் தெரியவில்லை. சிற்பி பல வருஷமாகச் சேர்த்தாராம். இவ்வளவு ஆர்வம் காட்டுகிறோமே என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி, எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

"எத்தினியோ லட்சம் பேர் முடி சுலோ. உன்னுதா இருக்குமா இது?"

"என்னுது இல்லன்னு நீ எப்டிச் சொல்ற?" அவள் தலை நிமிரவில்லை. "இத விக்கிறாங்களா பாவா?"

"ஆங். ஏலம் உடுவாங்க. கோயில் செலவுக்குத்தான். அன்னதானம், அது இதுன்னு."

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, சொல்ல முடியவில்லை.

"கிடங்குல வேல பாத்தப்பவே."

"அப்ப நான் ஒக்காந்துகினு இருந்தப்ப, நீ பக்கத்துல நின்னுகினு இருந்தியே, அப்பவே தெரியும்."

"ஆங்."

சாமியைத் திட்டுவாள், கோயிலைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் தளர்ந்தது. ஆறு வருஷமாக இறுகிக் கிடந்த முகம் என் கண் முன்னாலேயே இளகியது.

"அப்ப முருகர்கிட்ட போய்ச் சேரவே இல்ல" என்றாள். "அவரு வாங்கிக்கினு ஏமாத்திட்டாருன்னு இத்தினி நாளா நெனச்சுகினு இருந்தேன். பாவம். அவருக்கு வரவே இல்ல."

பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தீன்னா வேற எதனா குடுத்திருப்பேன், பாவா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். உண்டியலில் போடும் பணம்கூடத்தான் வங்கிக்குப் போகிறது, சாமியா எடுத்துச் செலவழிக்கிறார் என்றேன். மனசால் கொடுத்தால் சேர்ந்ததுதான் என்றேன். டாக்டர் முதல் நாளே கையை விரித்துவிட்டார், உனக்கு நான்தான் சொல்லவில்லை என்றேன். அதைச் சொன்ன பிறகுதான், சொல்லாமல் வைத்திருந்தவற்றில் இன்னொன்றையும் கொட்டிவிட்டேன் என்று உறைத்தது. நான் பேசியதெல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்து என்ன பிரயோஜனம்? நெல்லி எங்கள் இருவரையும் அந்தப் பின்னலோடு சேர்த்துப் படம் எடுத்தார். "உங்கள் மனைவிக்குப் பெருமையாக இருக்கிறது, இல்லையா?" என்று என் காதோரம் கேட்டார். 'யா' என்றேன்.

கண்காட்சி முடியும் வரை சுலோச்சனா தினமும் மத்தியானம் கால்வாய்க் கரைக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எனக்குச் சமைத்தாள், துணி மடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அலமாரியில் சின்னதாக ஒரு முருகன் படம் வந்து உட்கார்ந்தது. சாமிக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அவர் ஆறு வருஷம் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். அவருக்காவது மலை இருந்தது, தள்ளி இருக்க முடிந்தது. நான் அதே வீட்டில் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. சிற்பங்களை லாரியில் ஏற்றிய மறுநாள், ஊருக்கு ஒரு டிக்கெட் போடச் சொன்னாள். ஒன்றுதானா என்று நான் கேட்கவில்லை.

இப்போது திருத்தணியில் என் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறோம். மலைக்குப் போய் வந்த கதை, மழை, அரக்கோணம் ரயிலில் கூட்டம் எல்லாம் சொல்வாள். முடியை வெட்டுவதை நிறுத்திவிட்டாள் என்பதை நான்தான் கவனித்துக் கேட்டேன்.

"மலைக்கா வளக்கற?"

"இல்ல. ஆத்தங்கரைக்கு. இந்தத் தடவ நடுவுல யாரும் வாணாம், பாவா. இடுப்பு வரைக்கும் வரட்டும். நானே அறுத்து எடுத்துகினு போயி நேரா அவன்கிட்டயே வெச்சுட்டு வரேன்."

"அப்பறம் வருவியா?"

"மொதல்ல வளரட்டும்" என்றாள்.

போன வாரம் எங்கள் குடியிருப்பு அனுமதி அட்டைகள் புதுப்பித்து வந்திருப்பதாகக் கடிதம் வந்தது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் அட்டையைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றையும் எடுத்து வைத்தார். படத்தில் சுலோச்சனா, கழுத்தோடு வெட்டிய முடி. இதை அவரே நேரில் வந்து விரல் ரேகை வைத்துத்தான் வாங்க வேண்டும், குறித்த நாளுக்குள் வராவிட்டால் அழித்துவிடுவோம் என்றார். எப்போது வருவார் என்று மரியாதையாகக் கேட்டார். கிடங்கில் வேலை செய்தவனுக்கு அது மனப்பாடம்: முடி மாதத்துக்கு அரை அங்குலம். கழுத்திலிருந்து இடுப்புக்கு நாலைந்து வருஷம்.

"அவள் முடி இடுப்பு வரை வளர்ந்ததும்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். நானும் சிரித்துவைத்தேன். அவர் அட்டையை உறைக்குள் போட்டு இழுப்பறையை மூடிவிட்டு, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.