விரலார் தொட்ட சாம்பல் நிறம்

"கண்ணைக் கட்டிட்டு ஆயிரம் வினைலை முன்னாடி போடுங்க. தொட்டே ஜாதகம் சொல்றேன். இந்த விரல் பொய் சொல்லாது."

காரின் மேல் வினைல் என்கிற நிறத்தாளை ஒட்டுகிறவர்களின் கூட்டமொன்றில் மைக்கைப் பிடித்து இப்படி முழங்கியவர் அவர். அன்றிலிருந்து அவர் விரலார். பட்டம் வந்தபின் பணிவு எதற்கு? ரோல் வந்து இறங்கியதும் அதில் என்ன வகை என்று எழுதியிருக்கும் சீட்டைக் கிழித்து எறிவார். சீட்டைப் படிப்பது குமாஸ்தா வேலையாம்.

வினைல் இரண்டு வகை என்று பிரசங்கமே செய்வார். கூழாக ஊற்றிக் காயவைத்தது மெல்லியது. எந்த வளைவில் படுக்கச் சொன்னாலும் படுத்துக் கிடக்கும். உருளையில் நசுக்கி இழுத்தது தடிப்பு. தட்டையான இடத்துக்குச் சரி. பம்பரில் ஒட்டினாலோ புது மாப்பிள்ளைதான்: முதல் வாரம் மினுங்கும், வெயில் பட்டதும் முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

தங்கையின் காரில் அந்தத் தடிப்பு மாப்பிள்ளைதான் வந்து உட்கார்ந்திருந்தது. புருஷன் படுத்த படுக்கையாகிவிட, அவள் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் ஓட்டச் சேர்ந்திருந்தாள். வண்டி முழுக்கக் கம்பெனியின் சாம்பல் நிறத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அண்ணனே தொட்டுத் தேர்ந்து ஒட்டிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் பம்பரின் மூலைகள் வாயைப் பிளந்தன. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

விரலார் வெயிலைக் குற்றம் சொன்னார். கழுவிய சோப்பைச் சொன்னார். பம்பரை வடித்தவனின் பரம்பரையையும் விட்டுவைக்கவில்லை.

"வெயில் ஊர்ல இருக்கிற எல்லாக் காருக்கும்தானே அண்ணா அடிக்குது? என் காரை மட்டும் தேடி வந்து அடிச்சுதா?" என்றாள் தங்கை.

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள், அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்தபடி அவர் பேசிக்கொண்டே நிற்க, மனைவி பதறிப் பிடுங்கி வைத்தாள். அவருக்குச் சூடே உறைக்கவில்லை. வினைலை இளக்க ஊதும் சூட்டுக் காற்றில் வருடக்கணக்காக வெந்த விரல்கள். 'தொழில் பண்ணின கை அப்படித்தான்' என்று அதையும் பெருமைக் கணக்கில் சேர்த்துவிட்டு, வைத்தியரிடம் போகாமலே இருந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் அண்ணனும் தங்கையும்தான். பம்பரிலிருந்து பழையதை உரித்துப் போட்டாயிற்று. மேசையில் சாம்பல் நிறத்தில் இரண்டு ரோல்கள். சீட்டில்லாத அநாதைகள், பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இடதைத் தடவினார், வலதைத் தடவினார். இரண்டும் மரப்பலகை போலிருந்தன. இழுத்துப் பார்த்தார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டிலிருந்தும் உள்ளங்கையளவு வெட்டி எடுத்தார்.

"பாப்பா, இங்க வா. தொட்டுப் பாரு. இதுல எது மெல்லிசு?"

"என்ன அண்ணா, எனக்குப் பரீட்சையா?"

"இல்லம்மா. எனக்குத் தெரியல."

அவள் சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் தொட்டாள். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் தொட்டுவிட்டு, வலது பக்கத்துத் துண்டை அவர் கையில் வைத்தாள்.

அவர் வலது பக்கத்து ரோலை எடுத்து, பம்பரின் நீளத்தை அளக்க ஆரம்பித்தார்.