அமாவாசையன்று மாமாவின் காதுக்கு வைத்த பரீட்சை

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, தறிக்குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டபடி மாமா உட்கார்ந்திருந்த காட்சி அப்படியே நினைவில் இருக்கிறது. காதில் பெரிய ஹெட்போன். கைகள் இரண்டும் மடியில் கவிழ்ந்து கிடந்தன. அன்று அமாவாசை. காஞ்சிபுரத்தில் அமாவாசைக்குத் தறிகளுக்கு விடுமுறை என்பதால், எங்கள் தெருவில் பிற்பகலில் காக்கை கரைவதுகூடக் கேட்கும் நாள் அதுதான். அந்த அமைதிக்காகவே பரீட்சையை அன்று வைத்திருந்தோம். மாமாவின் காது நன்றாக இருக்கிறதா, மந்தமாகிவிட்டதா என்பது அன்று தெரிந்தாக வேண்டும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். இருவரும் பட்டு நெய்கிறவர்கள். நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருக்கும் நான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானதும் சென்னையைக் காலி செய்துவிட்டு அவர்கள் வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டேன். வந்த சில நாட்களிலேயே ஒன்றைக் கவனித்தேன். அந்த வீட்டில் எல்லோரும் மாமாவிடம் கத்திப் பேசினார்கள். அக்கா சமையலறையிலிருந்து அழைத்தால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், மாமா திரும்பமாட்டார். பக்கத்து வீட்டில் நெய்யும் அவருடைய தம்பி, வாயைத் திறக்காமல் சைகையிலேயே பேச ஆரம்பித்திருந்தார். இத்தனை வருடங்கள் தலைக்குமேல், புடவையில் வேலைப்பாடு எடுக்கும் ஜக்கார்டு பெட்டி தடதடத்தால் எந்தக் காது தாங்கும் என்பது அக்காவின் கட்சி. மாமாவோ, “என் காதுக்கு ஒண்ணும் இல்ல” என்பதோடு முடித்துக்கொள்வார்.

அந்தக் காதுகளை அவர் நாகஸ்வரத்துக்கென்று வைத்திருந்தார் என்றே சொல்லலாம். கோயில் புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரிகளைத் தேடித் தேடிக் கைபேசியில் சேர்த்திருந்தார். கைபேசிக்குள் எண்களாகக் கிடக்கும் இசையை நாம் கேட்கும் ஒலியாக மாற்றித் தருவதற்கு டிஏசி என்று ஒரு கருவி உண்டு. மாமாவிடம் இருந்தது சார்ஜ் போடும் துளையில் செருகுகிற விரலளவு துண்டு. அதில் அவருக்குத் திருப்தி இல்லை. “மணலை அள்ளிப் போட்ட மாதிரி அடியில ஒரு சத்தம் வந்துக்கினே இருக்குதும்மா. வாசிக்கிறவரு மூச்சு இழுக்கறது அதுல அமுங்கிப் போவுது” என்பார். கடைசியில் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை வரவழைத்தார். பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற ஏற்பாடு. பெட்டி வந்த அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். மூச்சு கேட்கிறது என்றார்.

வீடு நம்பவில்லை. அக்கா இரண்டிலும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். “ரெண்டும் ஒண்ணுதான்யா. புதுசு கொஞ்சம் சத்தமா இருக்குது, அவ்ளோதான். கஞ்சி போட்டா புடவை கனமாத் தெரியும் பாரு, அந்த மாதிரி.” தம்பி தன் பங்குக்கு, “அண்ணே, அந்தக் காசுக்குக் காது மெஷினு வாங்கியிருந்தா நாங்களாவது தொண்டைய மிச்சம் பண்ணியிருப்போம்” என்றார். மாமாவுக்குச் சுருக்கென்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு, எது பழையது எது புதியது என்று சொல்லிக் காட்டுவதாகச் சவால் விட்டார். அக்கா உடனே பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டால் பெட்டி வீட்டில் இருக்கலாம். தவறினால் பெட்டி திரும்பிப் போகும், மாமா அவளோடு காது டாக்டரிடம் வர வேண்டும். “டாக்டர் இன்னா சொன்னாலும் கேக்கணும். மெஷினு மாட்டிக்கோன்னா மாட்டிக்கணும்.” மாமா தலையாட்டினார். கட்சி சாராதவள் என்று நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

நான் முதலில் செய்தது அக்காவின் கஞ்சிக் குற்றச்சாட்டைத் தீர்ப்பது. புதிய பெட்டியின் சத்தத்தைக் குறைத்து, பழையதோடு சமமாக்கினேன். ஒரே மல்லாரி, அதன் தொடக்கம் மட்டும். ஹெட்போன் கம்பியை மாமாவின் முதுகுக்குப் பின்னால் நான் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். கள்ளத்தனம் நடக்காமல் தம்பி பார்த்துக்கொள்வார்.

நான் சத்தத்தைச் சமமாக்கி முடித்த பிறகு பார்த்தால், பரீட்சைக்கென்று மாமாவும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஹெட்போனோடு வந்த கறுப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, தானே முறுக்கிய ஒன்றை மாட்டியிருந்தார். உள்ளே ஜரிகை இழைகள், மேலே மயில்கழுத்து நிறப் பட்டு. “ஜரிகைல வெள்ளி இருக்குது, செம்பு இருக்குது. வெளியூர்ல வெள்ளிக் கம்பின்னு பெருமையா விக்கிறான், நம்ம வீட்ல சும்மாவே கெடக்குது” என்றார். பார்ப்பதற்கு அது கல்யாணப் புடவையின் கரையைப் போல இருந்தது. அதில் சோதித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. பரீட்சைக்குக் குறித்த நல்ல நேரத்தில்தான் அதில் முதலில் கேட்க வேண்டும் என்று அவரும் கேட்டுப் பார்க்காமல் இருந்துவிட்டார்.

முதல் சுற்றைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. புதியதைப் பழையது என்றார். பழையதைப் பழையது என்றார். அடுத்ததற்குத் தலையைச் சாய்த்தார். ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். “இன்னொரு தபா போடும்மா” என்றார். போட்டேன். துண்டுக்குக் கீழே அவர் உதடுகள் இறுகுவது தெரிந்தது. கடைசியில் துண்டை அவரே அவிழ்த்தார். “எல்லாம் ஒரே மாதிரி கேக்குது” என்றார். அதை அவர் சொன்ன குரலில், பெட்டி போனதைப் பற்றிய வருத்தம் எதுவும் இல்லை. காது போய்விட்டது என்று அவரே முதல்முறையாக நம்பியிருந்தார். கேலி செய்ய வந்திருந்த தம்பிகூட, “வுடுண்ணே, பெட்டி சரியில்ல போல” என்று பேச்சை மாற்றப் பார்த்தார்.

அக்கா ஜெயித்துவிட்டாள். பெட்டியைத் திருப்பி அனுப்ப அட்டைக்குள் வைத்தாள். மயில்கழுத்துக் கம்பியை அதோடு போகாமல் கழற்றியெடுத்தபோது, செருகுமுனையருகே பட்டு பிரிந்து, உள்ளிருந்து அவள் விரலில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியது. விரலை உரசிப் பார்த்தாள். வெளிச்சத்துக்காக வாசலுக்குப் போனாள். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அப்போது அவள் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

“இன்னாயா இது? சாம்பலா?”

மாமா எழுந்து வந்து அவள் விரலைப் பார்த்தார்.

“ஜரிகைய முறுக்கி இணைச்சியே, சாம்பல் தொட்டுக்கினா இணைச்சே? பாவு பிணைக்கிற மாதிரி?”

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர்; ஒரு பாவு தீர்ந்ததும் அடுத்த பாவை இழை இழையாகப் பழையதோடு முறுக்கிப் பிணைக்க வேண்டும். பட்டு வழுக்கும், அதனால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் முறுக்குவார்கள். இந்த வேலையில் மாமாவின் விரல்கள் அவர் யோசிப்பதற்கு முன்பே சாம்பல் கிண்ணத்துக்குப் போய்விடும். செருகுமுனையோடு ஜரிகையை இணைத்தபோதும் போயிருக்கின்றன. ஜரிகைக்கு நடுவிலும் பட்டு நூல்தான், இணைப்பிலோ சாம்பல். மின்சாரம் எப்படிப் போகும்? கம்பியை வாங்கி நான் கேட்டுப் பார்த்தேன். இடதும் வலதும் குழம்பி, எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதில் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தார். “விபூதி வெச்சு அனுப்பிட்டியேண்ணே!”

அக்கா சிரிக்கவில்லை. பெட்டியை அட்டையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். “அந்தக் கறுப்புக் கம்பியப் போட்டு மறுபடியும் வை” என்றாள்.

மாமா துண்டைக் கட்டிக்கொண்டார். பழைய கருவியைச் செருகினேன். “பழசு. மணலு.” புதியதைச் செருகினேன். நாகஸ்வரம் தொடங்குவதற்கு முன்பே கையை உயர்த்திவிட்டார். “புதுசு. மூச்சு இழுக்கறாரு.” தம்பி என் கையைப் பிடித்துத் தடுத்து, ஏமாற்றுவதற்காகப் புதியதையே எடுத்து மறுபடி செருகச் சொன்னார். “அதேதான்டா, மாத்தல” என்றார் மாமா. கடைசி வரை அவர் ஒன்றிலும் பிசகவில்லை. தம்பியே முன்வந்து அவர் துண்டை அவிழ்த்துவிட்டார். மாமா எழுந்து நின்றார். திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொண்டவரைப் போல இருந்தது அவர் நின்ற விதம். “காதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேனா இல்லியா? ஊசி வுழுந்தாகூடக் கேக்கும்! இன்னிமே இந்த வூட்ல எவனும் எங்கிட்ட கத்திப் பேசக் கூடாது!”

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“ஊசி வுழுந்தா கேக்கும்?”

“கேக்கும்மே.”

“அப்போ ஒரு வருசமா நான் தொண்டை கிழியக் கூப்ட்டது?”

மாமா துண்டை உதறினார், மடித்தார், மறுபடி உதறினார். முதலில் சிரித்தது அக்காதான்.

பெட்டி இப்போதும் தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. அடுத்த அமாவாசைகளில் அக்காவும் கேட்கத் தொடங்கினாள். மூச்சு தனக்கும் கேட்கிறது என்று ஒப்புக்கொள்ள அவளுக்குச் சில மாதங்கள் ஆயின. மாமா இன்று காலைகூடக் கண்ணை மூடி மல்லாரி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையிலிருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், “தண்ணி வந்துடுச்சி” என்றாள். மாமா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.