இடப்பக்கம் சரிந்த நாற்காலி

அந்தத் தச்சரிடம் நாற்காலி கேட்டு வருகிறவர்கள் மரத்தைப் பற்றி வாய் திறப்பதற்குள் "உட்காருங்க" என்பார். உட்கார வேண்டியது ஈர மரத்தூள் நிரப்பிய தட்டில். எழுந்ததும், பதிந்த பள்ளத்தை அளந்து அதன்படியே பலகையைச் செதுக்குவார். "ஆளுக்குத்தான் நாற்காலி. நாற்காலிக்கா ஆளு?" என்று கேட்பார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவருக்கு 'உட்காரு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே இடது இடுப்பு மடங்காது. நாலு பேர் நடுவில் நின்றுகொண்டே இருப்பாள்; யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவளுக்காக அவர் செய்த நாற்காலியில் இருக்கையின் இடப்பாதி மட்டும் முன்பக்கமாகச் சரிந்திருந்தது. அதில்தான் அவள் முதன்முதலாக வலியில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மரச்சாமான் கடை வைத்திருந்த அவள் தம்பி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அத்தான், ரெண்டு நாள் கடையில வச்சிட்டுத் தர்றேன்."

நாற்காலி திரும்பவில்லை. அதே சரிவோடு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்து விற்றான். மற்ற கடைகளும் காப்பியடித்தன. இடுப்பு நன்றாக இருந்தவர்களெல்லாம் அதில் வழுக்கி வழுக்கி உட்கார்ந்து, புதுமை என்று மெச்சினார்கள்.

தச்சர் மனைவிக்கு இன்னொன்று செய்து கொடுத்துவிட்டார். அந்தச் சரிவு தன் யோசனை என்று ஊரறிய ஒரு வார்த்தை வந்தால் போதும் என்றிருந்தார்.

அந்த நாற்காலிக்காக மைத்துனனுக்கு விருது கொடுத்தார்கள். "அலை கரையில சரியறதைப் பாத்தேன். அப்பவே தோணிடுச்சு," என்றான் மேடையில். பிறகு தச்சரையும் மேலே இழுத்தான். "முதல் நாற்காலியைச் செஞ்சு கொடுத்தது எங்க அத்தான்தான்."

ஒரு நிருபர் எழுந்தார். "நீங்க சொல்லுங்கய்யா, இடப்பக்கம் மட்டும் ஏன் சரிவு?"

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கீழே சுவரோரம் மனைவி தலைகுனிந்து நின்றாள். சொன்னால் பெயர் இவருக்கு. சபையில் அலசப்படுவது அவள் இடுப்பு. மைத்துனன் பதறாமல் சிரித்தான். அத்தானை அவனுக்குத் தெரியும்.

"அலைதான்," என்றார்.

திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "ஏன் சொல்லலை?"

"நீ தலையைக் குனிஞ்சு நின்னியே."

"செருப்பு வார் அறுந்துடுச்சுன்னு பாத்துட்டிருந்தேன். ஊரே என் இடுப்பு அளவுல உக்காந்திருக்கு, இனிமே எனக்கென்ன வெக்கம்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. இனி எங்கே போய்ச் சொன்னாலும், "அன்னிக்கு அலைன்னு சொன்னது நீங்கதானே?" என்பார்கள்.