புல்தரையை உழுத பனி டயர்

டிராக்டர் ஓட்டத் தெரியாதவர்களுக்கு இந்தப் பிழை வராது. எனக்குத்தான் வந்தது.

எண்பதுகளில் சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் குளிர்காலத்தில் டிராக்டரால் பனி தள்ளுவேன். கோடையில் அதிலேயே புல் வெட்டுவேன். பனி கரைந்ததும் முதலாளி அகலமான, வழவழப்பான டயர்களைக் காட்டி, பூட்டச் சொன்னார். எனக்கு அவை தேய்ந்த டயர்களாகத் தெரிந்தன. ஆழமான பற்கள் கொண்ட பனி டயர்களை எதற்குக் கழற்றுவது?

சமையலறையில் வேலை செய்த சிவா கேட்டான்: "அண்ணை, டயரை மாத்தேல்லையோ?"

"ஊரிலை வயல் உழுதவன் நான். எனக்கு நீ டயர் காட்ட வாறியோ?"

முந்தின நாள் மழையில் தரை ஊறியிருந்தது. புல் வெட்டிக்கொண்டு போய் மூலையில் திருப்பிவிட்டுப் பார்த்தால், டயர்ப் பற்கள் புல்லை வேரோடு கிழித்திருந்தன. விருந்தினர்கள் கோப்பியோடு எழுந்து நின்று பார்த்தார்கள்.

"அண்ணை, இனி நெல்லை விதைக்கவேண்டியதுதான்" என்றான் சிவா. வந்த எரிச்சலை எங்கே கொட்டுவது?

அகதி விண்ணப்பம் முடிவாகாத நேரம். வேலை போய்விடும் என்று பயந்தேன். முதலாளி கத்தவேயில்லை. ஒரு வாளி புல்விதையைக் கையில் தந்துவிட்டுப் போனார். ஒரு கிழமை, எல்லோரும் பார்க்க, முழங்காலில் நின்று விதைத்தேன்.

இப்போதெல்லாம் சாவியைத் தொடுமுன் குனிந்து டயரைப் பார்க்கிறேன். வயல் உழுத கதையை மட்டும் ஒருவரிடமும் சொல்வதில்லை.