வடிகஞ்சியில் ஊறிய பைப்

புகையிலை அடைத்த பைப் பற்றவைத்த கையோடு அணைந்துபோகும். இன்னொரு குச்சி கிழித்தால் இரண்டு இழுப்புக்கு எரியும், அப்புறம் அணையும். தறிப் பட்டறைக்குப் பின்னால், வீட்டு அடுப்பங்கரைக்கு எதிரே இருக்கிற துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, காலடியில் கருகிய தீக்குச்சிகள் சேர்வதைப் பார்த்துக்கொண்டு, இது எனக்கு வராது என்று நினைப்பேன். இது வராவிட்டால் அவளும் வரமாட்டாளே என்று உடனே தோன்றும். அடுத்த குச்சியைக் கிழிப்பேன்.

அவள் என்றால் என் மனைவி. அப்போது ராசிபுரத்தில் தன் தம்பி வீட்டில் இருந்தாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பனி தொடங்கியதும் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வீசிங் என்று சொல்லி, வாயில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர் ஒன்றை எழுதிக் கொடுத்த டாக்டர், "வீட்ல யார் புகைக்கிறது?" என்று கேட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன். அவளும் அதையேதான் பார்த்தாள். பஸ்ஸில் எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கு வந்து சேரும்வரை அந்த இன்ஹேலர் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தாள். மறுநாள் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பீடி நாத்தம் இந்த ஊட்ட உட்டுப் போனதும் ஒரு போன் பண்ணுங்க, நான் வாரேன். அதுவரைக்கும் தம்பி ஊட்டுல இருக்கறன்" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கோபமே இல்லாதவளை என்ன செய்வது?

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தறிக்கு வந்தவன். பட்டறைக்குள் எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி, நெருப்புக்கு இடமே கிடையாது. பீடி குடிக்க வேண்டுமென்றால் வெளியே வரவேண்டும். தறிச் சத்தத்திலிருந்து வெளியே வர எங்களுக்கு இருந்த ஒரே காரணமும் அதுதான். அதனால் என்ன கவலை வந்தாலும் என் கால் வாசலுக்குப் போகும், கை சட்டைப் பைக்குப் போகும். கவலைக்கு எனக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பாவு நூல் அறுந்தால் கவலை, கரண்ட் போனால் கவலை, ஒன்றும் ஆகாமல் தறி ஒழுங்காக ஓடினால் என்னவோ வரப்போகிறது என்று கவலை. அவள் போன பிறகு அவளுக்கு ராத்திரி மூச்சு இழுக்குமோ, தம்பி பெண்டாட்டி எழுந்து பார்ப்பாளோ என்று நினைத்து நினைத்து, முன்னைவிட அதிகமாகத்தான் பீடி குடித்தேன். அவள் எதற்காகப் போனாளோ அதையே அவளை நினைத்துச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி, என் மைத்துனன், வந்தான். அவன் ரிக் வண்டி டிரைவர். ஆப்பிரிக்காவில் போர்வெல் போடும் வேலை, லீவுக்கு வந்திருந்தான். பட்டறைக்குள் நின்று பேச முடியாமல் என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே வளைந்த மரப் பைப்பும் ஒரு பொட்டலம் புகையிலையும்.

"மச்சான், இது எங்க சைட்டு முதலாளி குடுத்தது. நான் வாயிலயே வெச்சதில்ல. உங்களுக்குன்னே கொண்டாந்தன்."

"ஏன் மாப்ள, உங்கக்கா பீடி வேண்டாமுன்னுதான் உன்ற ஊட்டுல வந்து உக்காந்திருக்கறா. நீ பெரிய பீடியாக் கொண்டாந்து குடுக்கறயே?"

"அய்யோ, பீடியும் இதுவும் ஒண்ணுங்களா? இதுல பொகைய நெஞ்சுக்குள்ள எறக்கவே கூடாதுங்க. வாயில வாங்கி, வாயிலயே உட்டரோணும். மோந்து பாருங்க, கேக்கு வாசம் அடிக்குதா இல்லியா?"

முகர்ந்தேன். உலர் திராட்சையும் வெல்லப்பாகும் கலந்த வாசம். பேக்கரி வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

"அக்காளுக்கு ஆவாதது பீடி நாத்தம். இது வாசமுங்க. கூட ஊதுபத்தி பத்த வைக்கற செலவு மிச்சம்" என்றான்.

அவன் சொல்லும்போது சரியாகத்தான் தோன்றியது. ஆகாது என்று அவள் சொன்னது பீடி நாற்றத்தைத்தான். கேக் வாசத்தை அவள் ஒன்றும் சொல்லவில்லையே? முழுகுகிறவன் கையில் எது அகப்பட்டாலும் பிடித்துக்கொள்வான். எனக்கு அகப்பட்டது பைப்.

முதல் நாள் பீடி இழுக்கிற மாதிரியே இழுத்தேன். புகை நேராக நெஞ்சுக்குப் போய் விக்கல் எடுத்துக்கொண்டது. தலை சுற்றிக் கல்லிலேயே சாய்ந்துவிட்டேன். பட்டறையில் நூல் சுற்றும் பெண் ஓடிவந்து, "ஏனுங்க, நெஞ்சு வலிங்களா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த பைப்பைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் டீயைச் சாஸரில் வைத்து நீட்டினார். "தொரைங்க ஆயிட்டீங்களாட்ட இருக்குது. கிளாஸுல குடுத்தாக் குடிப்பீங்களோ மாட்டீங்களோ!"

போனில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். பேச்சு புரியாது, கையைத்தான் பார்ப்பேன். ஒரு தாடிக்காரர் புகையிலையைக் கிள்ளிப் போட்டு, விரலால் லேசாக அமுக்கி, வட்டமாகப் பற்றவைத்து, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். எப்போதோ ஒரு இழுப்பு. நடுவில் ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த மனிதருக்குப் போய்ப் பார்க்க ஒரு தறிகூட இல்லை போலிருக்கிறது. பைப்புக்கு வேண்டியது புகையிலையோ தீக்குச்சியோ அல்ல, அந்த உட்காரல்தான் என்று அப்போதே புரிந்தது. என்னிடம் இல்லாததும் அதுவேதான். மெதுவாக இழுத்தால் அணைந்துவிடுமோ என்று பயந்து வேகவேகமாக இழுப்பேன், கட்டை கை தாங்காத அளவுக்குச் சூடாகும், நாக்கு வெந்துபோகும். பயந்து நிறுத்தினால் அணைந்துவிடும். நடுவில் உள்ளே ஏதோ ஒரு தறியின் சத்தம் மாறியது போலக் கேட்கும். எழுந்து ஓடுவேன். திரும்பி வந்தால் பைப் செத்துக் கிடக்கும்.

நாலைந்து நாளில் நாக்கின் நுனி தோலுரிந்தது. ரசம் சாப்பிட முடியவில்லை. இது புண்ணா, வேறு ஏதாவதா என்று கண்ணாடி முன் நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். காலையில் பழக்கத்தில் ஒரு பீடியைப் பற்றவைத்தேன். மிளகாயைக் கடித்தது போல எரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன்.

போதாக்குறைக்கு, கேக் வாசம் பொட்டலத்தோடு நின்றுவிட்டது. வாயில் வந்ததெல்லாம் பச்சை மரமும் வார்னிஷும் கலந்த ஒரு கசப்பு. மைத்துனனுக்குப் போன் செய்து, பீடி தொடுவதில்லை என்பதையும் இந்தக் கசப்பையும் சொன்னேன். "புதுசுங்கல்ல மச்சான், அப்படித்தான் இருக்கும். போவப் போவச் சரியாப் போயிரும்" என்றான். போகப் போக என்றால் எத்தனை நாள்? அதுவரை அவள் அங்கேயே இருப்பதா? புதுச் சாமான் என்றால் வேறு வழி எனக்குத் தெரியும். புது மண்சட்டி வாங்கினால் அவள் உடனே அடுப்பில் ஏற்றமாட்டாள். வடிகஞ்சியை ஊற்றி ஊறவைப்பாள், தினம் கஞ்சியை மாற்றுவாள், அப்புறம் எண்ணெய் தடவி வெயிலில் வைப்பாள். மண் வாசம் போய்விடும், சட்டியும் விரிசல் விடாது. மண்ணுக்கு ஆவது மரத்துக்கு ஆகாதா? இரண்டும் நெருப்பில் வைப்பதுதானே?

சோற்றை வடித்தேன். அவளுடைய குழம்புச் சட்டியில் கஞ்சியை ஊற்றிப் பைப்பை முழுக வைத்து, மேலே தட்டைப் போட்டு மூடினேன். அவள் போன பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த நிம்மதி அன்றைக்குத்தான் கிடைத்தது. மூன்றாம் நாள் எடுத்தபோது கட்டை உப்பி, வாயில் வைக்கிற குழாய் பிடுங்க முடியாதபடி இறுகியிருந்தது. பழையசோற்றுப் புளிப்பு வாடை வேறு. இன்னும் ஊறினால் சரியாகும் என்று கஞ்சியை மாற்றி மறுபடி போட்டேன்.

அவர்கள் வந்தது அன்று மத்தியானம். முன்கூட்டிச் சொல்லவில்லை. பட்டறையிலிருந்து நான் வருவதற்குள் அக்காளும் தம்பியும் வீட்டுக்குள் இருந்தார்கள். அவளுடைய பை வாசல்நடையில் இருந்தது. அவள் அடுப்பங்கரையில் சட்டிக்கு முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, என்ற சட்டியில என்னமோ முழிச்சுட்டுக் கெடக்குதே, என்னது அது?"

"பைப்பு. புதுசு. பழக்கறதுக்குப் போட்டேன்."

"மச்சான்!" மைத்துனன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அது வெளிநாட்டுக் கட்டைங்க. அதைப் போயிக் கஞ்சியில போட்டிருக்கறீங்களே!"

அவள் சிரித்தாள். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள். "எண்ணையும் தடவுவீங்களாக்கு?" என்றாள். தடவலாம் என்றுதான் இருந்தேன் என்று சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் அவளுக்கு இழுக்குமே என்ற கவலையும் கூடவே வந்தது.

பிறகு அவள் வந்த வேலையைப் பார்த்தாள். தலையணையை எடுத்து முகர்ந்தாள். கதவில் தொங்கிய துண்டை முகர்ந்தாள். என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள்.

"பீடி நாத்தமில்ல. கஞ்சி நாத்தந்தான் அடிக்குது."

"நான் சொன்னன்ல அக்கா!" என்றான் தம்பி. "மச்சான் இப்ப பீடியே தொடறதில்ல. இதுக்கு மாறிட்டாங்க. மச்சான், ஒருக்காப் பத்த வெச்சுக் காட்டுங்க, அக்காளே சொல்லட்டும்."

துடைத்து வெயிலில் காட்டினேன். புகையிலையைக் கிள்ளிப் போட்டேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றாள். இத்தனை நாள் படித்த பாடத்துக்குப் பரீட்சை அதுதான். ஈரக்கட்டை சீறியது, நாலாவது குச்சியில் பிடித்தது. முதலில் வந்தது அடிப்பிடித்த சோற்று வாசம். அதற்குப் பின்னால், சொன்னால் நம்பமாட்டீர்கள், கேக் வாசம் வந்தது. வாயில் வாங்கி வாயிலேயே விட்டேன். நெஞ்சுக்கு இறக்கவில்லை. அணையவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகப் பைப் குடித்தேன்.

அவள் இருமினாள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். மறுபடி இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் பையில் துழாவி இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை உறிஞ்சினாள். மூச்சு கீழே இறங்கும்வரை நாங்கள் இருவரும் அவள் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது பீடியில்லயேக்கா" என்றான் தம்பி, மெல்ல.

"என்ற நெஞ்சுக்கு அதெல்லாம் பேரு தெரியுமாடா? பொகைன்னா பொகைதான். எடுத்துட்டுப் போடா அத, உங்க முதலாளிகிட்டயே குடுத்துரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பீடி எதுக்கு நிறுத்துனீங்க?"

மனம் திருந்தி நிறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "நாக்கு வெந்து போச்சு. பீடி பட்டா எரியுது" என்றேன்.

"நாக்கு ஆறுனதுக்கப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் இன்ஹேலரை முந்தானையில் துடைத்தாள். அப்புறம், "தம்பி, நீ சாயங்கால பஸ்ஸுக்குப் போ. இவருக்கு நாக்கு ஆறட்டும், நான் இருந்து பாத்துட்டு வாரேன்" என்றாள்.

பையைப் பிரிக்கவில்லை. இன்ஹேலரை மட்டும் டி.வி.க்கு மேல் வைத்தாள். பை வாசல்நடையிலேயே இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் தறிக்கும் வீட்டுக்குமாக நான் நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான். கை சும்மா இருக்காமல் அறுந்த நூலை எடுத்து முடிபோடும், அவிழ்க்கும், மறுபடி முடிபோடும்.

இன்று காலை டீயைச் சூடாகக் குடித்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் நாக்கு எரியவில்லை என்று உறைத்தது. அப்படியே நின்றேன். சொல்லாமல் விட்டால் இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம். அவள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நாக்கு ஆறிப்போச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பெருக்குவதற்கு இடைஞ்சலாக இருந்த பையைத் தூக்கி உள்ளே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஜிப் மூடியபடியே இருந்தது. "போயித் தறியப் பாருங்க, கரண்டு வந்துருச்சு" என்றாள். சட்டைப் பைக்குப் போன கையை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.