கம்பளிக் கத்தரிக்காய்

கத்தரிக்காய்க்காக அழுகிற பெண்ணை அதுவரை நான் பார்த்ததில்லை. என் நாத்தனார் அழுதாள். வேலூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் அது. விடுதி வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை கசங்குகிறதே என்ற கவலைகூட இல்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"தெனம் பூசணிக்கா அண்ணி. கொழம்பும் பூசணிக்கா, கூட்டும் பூசணிக்கா. நம்மூட்டு முள்ளு கத்திரிக்கா ஒண்ணு சுட்டுத் தின்னா போதும் எனக்கு. நான் வந்துடறேன் அண்ணி, என்னக் கூட்டினு போய்டுங்க."

கத்தரிக்காய் ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கு வீட்டு ஏக்கம். அம்மா வேண்டும், அண்ணன் வேண்டும், அடுப்படி வேண்டும். அதையெல்லாம் சொல்ல வெட்கமாக இருந்ததால் கத்தரிக்காய் மேல் பழியைப் போட்டாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வேலைக்காரர் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை வேலூருக்குப் படிக்க அனுப்புவது லேசான காரியமா? அவளை அனுப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றவள் நான். என் மாமியாருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அவருடைய தம்பி பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாணியம்பாடியில் இருந்தார். அக்காள் மகளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவருக்கு வேண்டியது பெண்டாட்டி இல்லை, பிள்ளைகளுக்குச் சோறு பொங்க ஓர் ஆள். இவளோ அவரைக் கண்டாலே சமையற்கட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

புதிதாகச் சேர்ந்த பெண்களை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். அது முடிந்ததும், இருக்கிறேன் என்றோ போகிறேன் என்றோ மேட்ரனம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. இவள் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதமே வாணியம்பாடியில் கல்யாணம். அதில் சந்தேகமே வேண்டாம்.

"ஏண்டி, கத்திரிக்காய்க்காக வந்து உங்க மாமன் கையில மாட்டிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

அதற்கும் அழுதாள். அதட்டினால் அழுகை நிற்காது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வெளிச் சாப்பாடு விடுதிக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பு இருந்ததால், சுட்ட கத்தரிக்காயையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. ரயிலில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். தின்ன முடியாவிட்டால் என்ன, கையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தரிக்காய் செய்து கொடுத்தால் போகிறது என்று தோன்றியது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கொக்கி ஊசியும் நூலும் கொடுத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தலையணை உறைக்கு ஓரம், மேஜை விரிப்புக்கு ஓரம் என்று கண்ணை மூடிக்கொண்டு பின்னுவேன். ஆனால் அதெல்லாம் தட்டையான சமாச்சாரம். உருண்டையாக, உள்ளே அடைக்கிற மாதிரி ஒன்றை நான் பின்னியதே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சீமையிலிருந்து மிஷனுக்கு வந்த பெட்டியில் எனக்குக் கிடைத்த ஊதாக் கம்பளிச் சால்வை ஒன்று என் டிரங்குப் பெட்டியடியில் கிடந்தது. ஆம்பூர் வெயிலுக்குக் கம்பளிச் சால்வை! அதைப் பிரித்து நூலாகச் சுற்றிக்கொண்டேன்.

நடுவில் ஒரு வளையம் போட்டு, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனேன். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டினால் அகலும், கூட்டாமல் விட்டால் சுவர் மாதிரி எழும்பும். பாதி வேலை முடிந்ததும் கிண்ணம் போல வந்து நின்றது. அதை ஜன்னலில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் மாமியார் அதைத் தன் முஷ்டியில் மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா பொண்ணே, எங்கிட்டகூடச் சொல்லல பாத்தியா? எத்தினி மாசம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அதைக் குழந்தைக் குல்லாய் என்று நினைத்துவிட்டார்! எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம், வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. அந்தக் குல்லாயைப் பார்த்ததும் பாவம், வெல்லத்தைத் தட்டிப் பாயசத்துக்கு எடுத்தே வைத்துவிட்டார்.

"அத்தை, அது கத்திரிக்கா" என்றேன்.

"இன்னாது?"

"கத்திரிக்கா பொம்மை. உங்க பொண்ணுக்கு."

அவர் அந்தக் குல்லாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு வேற பொழப்பே இல்லியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஆனாலும் பாயசம் வைத்தார். எடுத்த வெல்லத்தைத் திரும்பப் பானையில் போடக்கூடாதாம்.

அதற்குப் பிறகு என் வேலையில் அவருக்கும் மூக்கு நுழைந்துவிட்டது. "காம்பு இவ்ளோ பெருசா இருக்குமா? கொறைச்சிக்கோ" என்பார். "வயிறு பத்தாது, இன்னும் கொஞ்சம் உப்பணும்" என்பார். காம்பும் தொப்பியும் பச்சையாக இருக்க வேண்டுமே என்று என் பழைய ரவிக்கையின் பச்சை ஓரத்தைப் பிரித்தேன். முள் வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். முள் இல்லாவிட்டால் அது எங்கள் பக்கத்துக் கத்தரிக்காயே இல்லை, சந்தையில் யாரும் சீந்தமாட்டார்கள். நூல் நுனிகளைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்து முறுக்கி, வெயிலில் காயவைத்து, காம்பைச் சுற்றி நட்டு வைத்தேன். தொட்டால் சுருக்கென்று குத்தியது. எனக்கு ஒரே பெருமை.

கடைசியில் உள்ளே எதை அடைப்பது என்ற கேள்வி வந்தது. கந்தலை அடைத்தால் கட்டி கட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றது. தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுக்க மாமியார் விடவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரை வழித்தெடுப்பார்கள்.

"மயிரு மூட்டை மூட்டையாக் கெடக்குது. நான் கொஞ்சம் கொண்ணாந்து தர்றேன். பஞ்சு கெட்டுது போ, அவ்ளோ மெத்துனு இருக்கும்."

"நாறாதா?" என்று கேட்டேன்.

"கழுவித் தர்றேம்மே."

சும்மா சொல்லக்கூடாது, தங்கைக்கு என்றதும் அந்த மனுஷர் அதைச் சீயக்காய் போட்டு, மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டு அலசினார். கூரைமேல் துணி விரித்துக் காயவைத்தார். காக்கை தூக்கிக்கொண்டு போகாமல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காவல் இருந்தார். காய்ந்ததும் நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாமியார் மோந்து பார்த்தார். "பூவாட்டம் கீது" என்றார். வீட்டுக்காரரும் மோந்து பார்த்துத் தலையாட்டினார். மூன்று மூக்கும் ஒப்புக்கொண்ட பிறகு அடைத்துத் தைத்தேன். அடேயப்பா, அப்படி ஒரு கத்தரிக்காய்! பறித்துக் குழம்பு வைக்கலாம் போல இருந்தது.

அடுத்த தடவை பார்க்கப் போகும்போது அதைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். நல்ல வெயில், பெட்டியில் நல்ல கூட்டம். குடியாத்தம் தாண்டியதும் எதிரே இருந்த ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா நாத்தம்ப்பா இது! கொடலப் பொரட்டுது."

என் மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் நாலு பேர் நாறுகிறது என்றால் நான் மட்டும் சும்மா இருப்பேனா? சுற்றிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒருத்தி மூடிய கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, கருவாட்டக் கொண்ணாந்தா ஓலையில நல்லா சுத்திக் கொண்ணாரக் கூடாதா? நாலு பேரு வர்ற எடமில்ல?" என்றேன்.

அவள் கூடையைத் திறந்து காட்டினாள். வெற்றிலை.

"மூக்க எந்தக் கடையில அடகு வச்ச?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! நான் விடுவேனா? வெற்றிலைக்கு அடியில் கருவாடு இருக்கும் என்றேன். அவள் என் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். விரிஞ்சிபுரம் வரைக்கும் இரண்டு பேரும் சளைக்கவில்லை. அதற்குள் என் பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். என் வாய்க்குப் பயந்து இடம் விடுகிறார்கள் என்று நினைத்து, காலை நீட்டிச் சுகமாக உட்கார்ந்து வந்தேன்.

காட்பாடியில் ஜட்கா பிடித்தேன். வண்டிக்காரர் சாயபு நான் ஏறினதும் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்பூராம்மா?"

"ஆமா பாய். எப்பிடித் தெரியும்?"

"தெரியும்மா" என்று சிரித்தார். "கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க. அங்க காத்து ஜாஸ்தி."

மரியாதை தெரிந்த மனுஷர் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

விடுதி வராந்தாவில் என் நாத்தனார் கண் வீங்கிப்போய் வந்து நின்றாள். முந்தின இரவும் அழுதிருக்கிறாள். இந்தத் தடவை கையோடு கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும் என்று பயந்துவிட்டேன். பேச்சுக் கொடுக்காமல் பையைத் திறந்து கத்தரிக்காயை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

முள் குத்தியதும் "ஸ்ஸ்" என்றாள். பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததே, அதற்காகவே இன்னும் பத்துக் கத்தரிக்காய் பின்னலாம். "அய்யோ அண்ணி, நம்ம முள்ளு கத்திரிக்கா!" என்று கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தவள் வெடுக்கென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். திரும்ப மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அண்ணி, உள்ள இன்னா வச்சீங்க?"

"ஆட்டு மயிரு. உங்கண்ணன் கழுவித் தந்தாரு. ஏன்?"

"ஷாப்பு நாத்தம் அடிக்குது அண்ணி! சுண்ணாம்புத் தொட்டிய அப்பிடியே தூக்கியாந்த மாதிரி!"

பிடுங்கி மோந்து பார்த்தேன். கம்பளி வாசனைதான் வந்தது.

"எங்கடி நாறுது? மூணு பேரு மோந்து பாத்தோம்."

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. அங்க இருந்த வரைக்கும் எனக்கும்தான் தெரியல. வந்த புதுசுல என் பொட்டியத் தொறந்தா இங்க எல்லாம் மூக்கப் புடிச்சிக்குவாங்க. ஏன் புடிக்கிறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. இப்பத்தான் புரியுது."

ரயிலில் ஆட்கள் எழுந்து போனதும், ஜட்காக்காரர் சிரித்ததும், பாவம் அந்த வெற்றிலைக்காரி என்னிடம் பேச்சு வாங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எனக்கு மானம் போயிற்று. "குடுடி, வழியில பாலாத்துல வீசிட்டுப் போறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "தரமாட்டேன். வூட்டு நெனப்பு வந்தா எடுத்து மோந்து பாத்துப்பேன்."

"மோந்து பாத்தா அழுகை ஜாஸ்தி ஆவும்."

"ஆவாது. சிரிப்புதான் வருது."

அதன் பிறகு அவள் பேசிய பேச்சில் பூசணிக்காய் வரவில்லை. வார்டில் ஒரு பாட்டியம்மாவுக்குக் கட்டுப் போட்டதைச் சொன்னாள். வெப்பமானியைக் கீழே போட்டு உடைத்துத் திட்டு வாங்கியதைச் சொன்னாள். காய்ச்சல் குழந்தை ஒன்று தன் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று சொன்னாள். மணி அடித்ததும் சட்டென்று எழுந்து சேலையை நீவி விட்டுக்கொண்டாள். "எனக்கு டூட்டி அண்ணி. மேட்ரனம்மாகிட்ட இருக்கேன்னு சொல்லிடறேன். நீங்க கெளம்புங்க, ரயிலுக்கு நேரமாச்சு" என்று சொல்லி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

சாயங்காலம் ஆம்பூரில் இறங்கினேன். எங்கள் ஸ்டேஷன் வந்தாலே வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அன்றைக்கும் பொத்தினார்கள். பிளாட்பாரத்தில் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வீட்டுக்காரர் வேலை முடிந்து ஈரத் துண்டோடு நேராக ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, வரல? எப்ப வர்றாளாம்?"

"லீவுக்கு வருவா. வந்து மூக்கப் பொத்திக்கினு ரெண்டு நாள் இருந்துட்டுப் போய்டுவா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம் எனக்கு.